படுக்கையை விரித்தவர் யார்?

1869-ஆம் ஆண்டின் வசந்த காலத்தில், அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், காட்டில் கூடாரமடித்துத் தங்கும் சுகத்தைப் பற்றி ஒரு புத்தகம் வெளியாயிற்று. அதை எழுதிய வில்லியம் ஹென்றி ஹாரிசன் மர்ரே வேட்டையைத் தொழிலாகக் கொண்டவரல்லர். அந்நகரின் பிரசித்தி பெற்ற பார்க் தெரு தேவாலயத்தின் பாதிரியார். முப்பது வயது நிரம்பாத அந்த வாலிபப் பிரசங்கி, ஞாயிறுதோறும் கனவான்களும் சீமாட்டிகளும் நிறைந்த சபைக்கு உபதேசம் செய்துவிட்டு, கோடை பிறந்ததும் தூண்டிலும் துப்பாக்கியுமாகப் புறப்பட்டு, நியூயார்க் மாகாணத்தின் வடபகுதியில் மலையும் ஏரியும் ஊசியிலைக் காடுமாகப் பரந்து கிடக்கும் அடிரோண்டாக் வனாந்தரத்துக்குச் சென்று, வாரக்கணக்கில் தங்கித் திரும்பும் வழக்கமுடையவர். தாம் அங்கே பெற்ற ஆனந்தத்தை ஊரார் யாவரும் பெற வேண்டுமென்ற பரோபகார சிந்தையுடன் அவர் எழுதிய அந்நூல், சில மாதங்களுக்குள்ளாகவே, அக்காடு அதுவரை கண்டறியாத ஜனக்கூட்டத்தை அதற்குள் கொண்டுவந்து கொட்டிற்று. அக்கூட்டத்தில் ஒரு சாரார் மர்ரேயை வாழ்த்திக்கொண்டும், மற்றொரு சாரார் அவரைச் சபித்துக்கொண்டும் வீடு திரும்பினர்.

காட்டிடையே சௌகரியங்கள் குறைந்த முகாம்களில் தங்கி வருபவர்கள் இவ்வாறு இரு கட்சியாகப் பிரிவது இன்றைக்கும் மாறவில்லை. ஒரே ஏரிக்கரையில், அடுத்தடுத்த இரண்டு கூடாரங்களில், ஒரே இரவைக் கழித்த இரு குடும்பங்களில் ஒன்று ஜன்மம் சாபல்யமாயிற்று என்று சொல்லும்; மற்றொன்று இனி அந்தத் திசையிலும் தலைவைத்துப் படுப்பதில்லை என்று சபதம் செய்யும். மழை, அதிர்ஷ்டம், அவரவர் சுபாவம் என்று இதற்குச் சொல்லப்படும் காரணங்களில் உண்மை இல்லாமலில்லை. ஆயினும், மர்ரேயின் காலந்தொட்டு அடிரோண்டாக் வனத்துக்கு வந்தவர்களின் சரித்திரத்தைப் பார்க்கும்போது, அவர்களுடைய பாராட்டுக்கும் புகாருக்கும் அடியில் வேறொரு கேள்வி கிடப்பதாக எனக்குத் தோன்றுகிறது: அந்தக் காட்டில் விறகு வெட்டி, அடுப்பு மூட்டி, படகு தள்ளி, படுக்கை விரித்தவர் யார் என்பதே அது.

மர்ரேயின் நூல் மனிதரை மயக்கும் நூல்தான். தூண்டிலை வீசியவுடன் கவ்வும் டிரவுட் மீன்களும், நெருப்பில் வாட்டிய மான் இறைச்சியும், பால்சம் மரத்தின் நறுமணம் கமழும் தழைப் படுக்கையும், இரவில் நீரின் மேல் மிதந்து வரும் லூன் பறவையின் ஓலமும் படிப்பவர் மனத்தில் ஆசையைக் கிளப்பிவிடும்படி அதில் வர்ணிக்கப்பட்டிருந்தன. ஸ்திரீகளும் தாராளமாக வரலாம் என்று அழைத்ததோடு நில்லாமல், அவர்கள் எத்தகைய உடை உடுத்து வரவேண்டும் என்பதையும் அவர் எடுத்துரைத்திருந்தார். எல்லாவற்றையும்விடப் பெரிய வசியம், க்ஷயரோகத்தால் உருக்குலைந்த ஒரு நியூயார்க் இளைஞனின் கதை. நடக்கவும் திராணியற்றுப் போன அவனை ஒரு வழிகாட்டி படகில் தழைகளைப் பரப்பிப் படுக்கவைத்துக் காட்டுக்குள் கொண்டு சென்றான் என்றும், ஜூனில் போனவன் நவம்பரில் 65 பவுண்டு எடை கூடித் தானே படகைத் தோளில் சுமந்துகொண்டு வெளியே வந்தான் என்றும் மர்ரே எழுதியிருந்தார். வைத்தியர்கள் கைவிட்ட ரோகிகள் நிறைந்திருந்த ஒரு நாட்டில் இந்தக் கதை என்ன செய்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ரயிலிலும், நீராவிக் கப்பலிலும், குதிரை வண்டியிலுமாக ஆயிரக்கணக்கானோர் வந்து இறங்கினர். காட்டோரத்தில் இருந்த சில விடுதிகள் வந்தவர்க்கெல்லாம் இடம் கொடுக்க மாட்டாமல் திணறின. பணம் இருந்தும் பலர் தரையில் படுத்தனர். அந்த வருஷத்துக் கோடையோ குளிரும் அடைமழையுமாக வந்து வாய்த்தது. ஈரம் உலராத காட்டில் கறுப்பு ஈக்கள் வழக்கத்தைவிட நெடுநாள் நிலைத்து, வந்தவர்களின் காதோரத்தையும் கழுத்தையும் இரத்தம் கசியக் கடித்தன. இந்த ஈ அப்படியொன்றும் உபத்திரவம் செய்யும் பிராணியன்று என்று மர்ரே தம் நூலில் சாதித்திருந்தது, வீங்கிய முகத்துடன் உட்கார்ந்து அதைப் படித்தவர்களுக்கு எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்தது போலாயிற்று. ஆரோக்கியத்தை நாடி வந்த க்ஷயரோகிகளில் சிலர் அங்கேயே உயிர் நீத்தனர். பத்திரிகைகள் இவர்களையெல்லாம் சேர்த்து மர்ரேயின் மூடர்கள் என்று பரிகசித்தன. பாதிரியாரைப் பொய்யர் என்றும் சொல்லத் துணிந்தன. வானிலைக்கும், பிரயாணத்துக்கு லாயக்கற்ற ரோகிகள் புறப்பட்டு வந்ததற்கும் தாம் எப்படிப் பொறுப்பாவது என்று அவர் அந்த வருஷமே பதில் எழுதினார்.

மர்ரே பொய் சொன்னாரா? பெரிய பொய் எதுவும் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. மிகைப்படுத்தினார் என்பது வேறு; வேட்டைக் கதை சொல்பவர்களுக்கு அந்தச் சலுகையை எல்லாத் தேசத்தாரும் அளித்திருக்கிறார்கள். அவர் நூலில் இருந்த உண்மையான ஆபத்து, அவர் மறைக்காமல் எழுதியும் வாசகர்கள் கவனியாமல் விட்ட ஒரு விஷயத்தில் இருந்தது. லாங் லேக் என்னும் ஊரைச் சேர்ந்த ஜான் பிளம்லி என்ற வழிகாட்டி அவருடன் இருந்தார். மர்ரே பிளம்லியை மனமாரப் புகழ்கிறார், நல்ல வழிகாட்டி அமைவதே பிரயாணத்தின் பாதி வெற்றி என்னும்படி அறிவுரையும் கூறுகிறார், நாளொன்றுக்கு 2.50 டாலர் கூலி என்றும் கணக்குச் சொல்கிறார். ஆனால் வாசகனின் கண் மீனின் மேலும் மானின் மேலும் நிலைத்துவிட்டதே தவிர, அந்த 2.50 டாலரின் மேல் நிலைக்கவில்லை.

அந்தக் கூலிக்கு அந்த மனிதன் செய்த வேலையைச் சற்று விஸ்தாரமாகச் சொல்லத்தான் வேண்டும். அடிரோண்டாக் வனத்தில் அக்காலத்தில் சாலைகள் மிக அரிது. ஏரியும் ஆறுமே சாலை. ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையே நிலம் குறுக்கிடும் இடங்களில் படகைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இதற்கென்றே அந்த ஊர்த் தச்சர்கள் மெல்லிய பலகைகளை இழைத்து, ஏறக்குறைய 16 அடி நீளமும், ஒரே ஆள் சுமக்கத்தக்க எடையும் உள்ள ஒருவகைப் படகைச் சிருஷ்டித்திருந்தார்கள். வழிகாட்டி தோளில் மரநுகம் ஒன்றை மாட்டி, அதன்மேல் படகைக் கவிழ்த்துப் பொருத்திக்கொண்டு, வேர்களும் பாறைகளும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில் மைல் கணக்கில் நடப்பான். பின்னால் விருந்தாளி தூண்டிலை ஏந்திக்கொண்டு வருவார். முகாமிடும் இடத்தை அடைந்ததும் ஸ்ப்ரூஸ் மரங்களின் பட்டையை அகலமாக உரித்துக் கூரை வேய்ந்து, முன்புறம் திறந்த ஒரு சாய்ப்புக் குடிலை ஒரு மாலைப் பொழுதுக்குள் கட்டி முடிப்பான். பால்சம் மரத்தின் இளங்கிளைகளை வெட்டிக் காம்பு கீழாகவும் நுனி மேலாகவும் வரிசையாக அடுக்கிப் படுக்கை அமைப்பான்; ஒழுங்காக அடுக்கினால் மெத்தை, தவறாக அடுக்கினால் முதுகில் குத்தும் முள். மழையில் நனைந்த காட்டில் காய்ந்த விறகு எந்த மரத்தின் உள்ளே இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். ஈக்களை விரட்டப் புகை மூட்டம் போடுவது, மீனைச் சுத்தம் செய்து பொரிப்பது, மாவைக் கரைத்து அப்பம் சுடுவது, பாத்திரம் துலக்குவது, இரவெல்லாம் நெருப்பு அணையாமல் கட்டை தள்ளுவது, விருந்தாளி சுட்டுத் தவறவிட்ட மான் உண்மையில் மிகத் தொலைவில்தான் இருந்தது என்று முகம் கோணாமல் சாட்சி சொல்வது ஆகிய இவ்வளவும் அவனுடைய கடமைகளே. இந்தத் தொழிலில் புகழ் பெற்றவர்களில் மிட்செல் சபாட்டிஸ் போன்ற அபெனாகி என்னும் ஆதிகுடியைச் சேர்ந்தவர்களும் உண்டு.

1869-இல் நேர்ந்தது என்னவென்றால், இத்தகைய மனிதர்கள் கைவிரல்விட்டு எண்ணத்தக்க அளவே இருந்த இடத்தில் ஆயிரம் பேர் ஒரே சமயத்தில் வந்து நின்றார்கள். முந்திக்கொண்டவர்களுக்கு நல்ல வழிகாட்டி கிடைத்தான். பிந்தியவர்களுக்குக் காட்டையே சரியாக அறியாத யாரோ ஒருவன் அகப்பட்டான். சிலருக்கு ஒருவனும் அகப்படவில்லை. மழை எல்லாருக்கும் ஒன்றாகத்தான் பெய்தது. ஒழுகாத பட்டைக் கூரையின்கீழ், முன்னால் பெருநெருப்பு எரிய, சூடான காப்பியுடன் அந்த மழையைப் பார்த்தவன் அதைக் காவியம் என்றான். ஈரக் கட்டையை ஊதி ஊதிக் கண் சிவந்தவன் அதை நரகம் என்றான்.

இதற்குப் பதினோரு வருஷங்களுக்கு முன்பே, 1858-இல், இதே வனத்தில் ஃபோலன்ஸ்பி குளத்தின் கரையில் ஓர் அபூர்வமான முகாம் கூடியிருந்தது. ஓவியரும் எழுத்தாளருமான ஸ்டில்மன் ஏற்பாடு செய்த அந்த முகாமுக்குத் தத்துவஞானி எமர்சன், இயற்கை விஞ்ஞானி லூயி அகாசிஸ், கவிஞர் ஜேம்ஸ் ரஸல் லோவெல் முதலிய மகா பண்டிதர்கள் வந்திருந்தனர். கவி லாங்ஃபெல்லோவையும் அழைத்தார்களாம். எமர்சன் துப்பாக்கி எடுத்து வருகிறார் என்று கேள்விப்பட்டதும், அப்படியானால் யாரேனும் சுடப்படுவது நிச்சயம் என்று சொல்லி அவர் வராமலே இருந்துவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அகாசிஸ் மீனை அறுத்து ஆராய்ந்தார்; சிலர் குறிபார்த்துச் சுட்டுப் பழகினர்; எமர்சன் காட்டில் உலாவிச் சிந்தித்து, பின்னால் ஒரு நீண்ட கவிதையும் பாடினார். ஒருவர்கூட அந்த முகாமைக் குறை கூறியதாகத் தெரியவில்லை. ஏன் கூறுவார்கள்? பண்டிதர்கள் பதின்மர், அவர்களுக்கு வழிகாட்டிகளும் பதின்மர். பிரகிருதியின் மடியில் தனித்திருந்து சிந்திப்பதற்கு ஆளுக்கு ஒரு பரிசாரகன் இருப்பது எவ்வளவு ஒத்தாசை என்பதைத் தத்துவ நூல்கள் பிரஸ்தாபிப்பதில்லை.

செல்வர்கள் இந்தச் சூட்சுமத்தை விரைவிலேயே பிடித்துக்கொண்டார்கள். வில்லியம் வெஸ்ட் டியூரண்ட் என்பவர் 1870-களின் இறுதியிலிருந்து ராக்கெட் ஏரிப் பிரதேசத்தில், பட்டை சீவாத மரக்கட்டைகளையும் ஆற்றுக் கற்களையும் கொண்டு, பார்ப்பதற்கு வேடன் குடிசை போலவும் உள்ளே வசிப்பதற்கு அரண்மனை போலவும் உள்ள பெரும் முகாம்களைக் கட்டினார். அவற்றில் ஒன்றான சாகமோரை 1901-இல் கோடீசுவரரான ஆல்ஃபிரட் வாண்டர்பில்ட் வாங்கினார். பிற்பாடு அங்கே பந்துருட்டி விளையாடுவதற்கென்று தனிக் கூடமே எழுந்தது. சாகமோரில் என் கவனத்தை மிகவும் கவர்வது ஒன்று உண்டு: வேலைக்காரர்களுடைய குடியிருப்பு, கொல்லன் பட்டறை, தொழுவம் முதலியன விருந்தாளிகளின் கண்ணுக்குத் தென்படாத தூரத்தில் தனியே அமைக்கப்பட்டிருந்தன. எளிய வனவாசம் என்ற காட்சி கெடாமலிருக்க, அந்த எளிமையைத் தாங்கிப் பிடித்த ஜனங்கள் மறைவில் இருக்க வேண்டியதாயிற்று.

க்ஷயரோக விவகாரமும் இவ்வாறே முடிந்தது. மர்ரேயின் கதை முழுப் பொய்யாகிவிடவில்லை. 1873-இல் இதே நோயுடன் இங்கே வந்து சேர்ந்த டாக்டர் எட்வர்ட் ட்ரூடோ என்பவர் தேறி எழுந்து, 1880-களில் சாரனாக் லேக் என்ற ஊரில் ஒரு சானடோரியத்தை நிறுவினார். எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் 1887–88 குளிர்காலத்தை அவ்வூரில்தான் கழித்தார். அந்தச் சானடோரியத்தில் ஊசியிலைக் காற்று மட்டும் நோயாளியைக் கவனித்துக்கொள்ளவில்லை. ஓய்வு, ஊட்டம், தாதிமார், வைத்தியர் என்று ஓர் அமைப்பே அவனைச் சுற்றி இயங்கிற்று.

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். 1892-இல் சட்டம் இயற்றி நிறுவப்பட்ட அடிரோண்டாக் பூங்கா ஏறத்தாழ 60 லட்சம் ஏக்கர் விஸ்தீரணமுள்ளது. அதில் கிட்டத்தட்டப் பாதி மாகாண அரசுக்கு உரிய வனம். மீதி தனியார் நிலமும் ஊர்களும். அரசுக்குரிய பகுதி என்றென்றும் வனமாகவே காக்கப்பட வேண்டும் என்று 1894-இல் மாகாண அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். அதன் பலனாக, மர்ரே மகிழ்ந்து வர்ணித்த பட்டைக் கூரையும் தழைப் படுக்கையும் இன்று குற்றம். நிற்கும் மரத்தின் ஒரு கிளையையும் முகாமிடுபவர் வெட்டக் கூடாது. ஒரே ஓர் இரவுத் தங்கலுக்காகப் பல மரங்கள் தோலுரிபட்டு மாண்ட பழைய வழக்கத்தை நினைத்தால், இந்தச் சட்டத்துக்கு நன்றி சொல்லவே தோன்றுகிறது. ஆனால் படுக்கையை இனி வீட்டிலிருந்து முதுகில் சுமந்து வரவேண்டும். வழிகாட்டிகள் இன்னும் இருக்கிறார்கள்; மாகாண அரசின் பரீட்சையும் உரிமமும் பெற்றவர்கள். எனினும் வருபவர்களில் பெரும்பாலோர் அவர்களை அமர்த்துவதில்லை. எமர்சனுடைய ஸ்தானமும் வழிகாட்டியின் ஸ்தானமும் இன்று ஒரே ஆளிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

சாரனாக் ஏரித் தீவுகளில் உள்ள அரசு முகாமை எடுத்துக்கொள்ளுங்கள். படகில்லாமல் அங்கே போக இயலாது. மின்சாரம் இல்லை, குழாய்த் தண்ணீர் இல்லை. ஒரு மேஜை, கல்லடுக்கிய அடுப்பு, சற்றுத் தள்ளி ஒரு குழிக் கக்கூசு, இவைதாம் உபகரணங்கள். முன்பதிவு செய்து, படகு வாடகைக்கு அமர்த்தி, எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டுப் போய்ச் சேர்ந்த ஒருவருக்கு, சுற்றிலும் நீரும், எதிரே ஒருவரும் இல்லாத கரையும், விண்மீன்கள் நிறைந்த வானமும் கிடைக்கின்றன. தீப்பெட்டியை மறந்து வந்திருந்தால், அதற்காகத் திரும்பவும் ஏரியைக் கடக்க வேண்டும். விறகை ஊரிலிருந்து கொண்டுவரலாம் என்றாலோ, சுத்திகரிக்கப்படாத விறகை 50 மைலுக்கு அப்பாலிருந்து எடுத்து வருவதை மாகாணச் சட்டம் தடுக்கிறது. விறகுக்குள் ஒளிந்து வரும் மரத்துளைப்பான் வண்டுகள் காட்டையே அழித்துவிடும் என்பதே காரணம். முன்பெல்லாம் வழிகாட்டியின் தலைக்குள் இருந்த இந்த அறிவெல்லாம் இப்போது விதிப் புத்தகத்தில் இருக்கிறது. படித்துவிட்டு வந்தவருக்கும் படிக்காமல் வந்தவருக்கும் தீவு ஒன்றேயாயினும் இரவு ஒன்றாக அமைவதில்லை.

மலையேறுகிறவர்கள் தங்கும் சாய்ப்புக் குடில்களில் வேறு விதமான சோதனை உண்டு. வழிகாட்டி ஒரு மாலைக்காகக் கட்டிய பட்டைக் குடிலின் சந்ததியே இது. இப்போது உருண்டை மரங்களால் உறுதியாகக் கட்டப்பட்டு, மூன்று புறம் சுவரும், ஒரு புறம் முழுத் திறப்புமாக நிற்கிறது. ஏழெட்டுப் பேர் படுக்கலாம். முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவர், இடம் நிரம்பும்வரை பின்னால் வருபவரை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது விதி. தனிமையை நாடிப் பத்து மைல் நடந்து வந்தவர், நள்ளிரவில் நனைந்த மூட்டையுடன் வந்து நிற்கும் நான்கு கல்லூரி மாணவர்களுக்கு நகர்ந்து இடம் கொடுக்க வேண்டியிருக்கும். அவர்களில் ஒருவர் குறட்டை விடுவார். பலகைகளுக்கடியில் குடியிருக்கும் சுண்டெலி, ஸ்லீப்பிங் பேக்கின் மேல் ஓடிப் பையிலுள்ள பருப்புகளைக் கொறிக்கும். இதே குடிலில் அந்நியர்கள் அடுப்பைப் பகிர்ந்துகொண்டு சிநேகிதர்களானதும் உண்டு. நம் ஊர்ச் சத்திரங்களைப் பற்றிப் பாட்டன்மார் சொன்ன புகழும் ஏச்சும் அப்படியே இங்கும் பொருந்துவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

கறுப்பு ஈயைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை சொல்லாவிடில் மர்ரேயின் வாசகர்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். மே மாதத்தின் நடுவிலிருந்து ஜூன் முடியும் வரையில் அதன் ராஜ்யம். பகலில் மட்டும் கடிக்கும். கடிப்பது பெண் ஈ. அதன் புழுக்கள் ஓடும் தெளிந்த நீரில், கற்களைப் பற்றிக்கொண்டு வளர்பவை. பளிங்கு போன்ற ஓடை என்று எதைக் கண்டு யாத்திரிகர் மெய்ம்மறக்கிறாரோ, அந்த ஓடையே அவரைக் கடிக்கும் ஈயின் தொட்டில். அக்காலத்து வழிகாட்டிகள் பைன் மரக் கீலை எண்ணெயில் குழைத்து முகத்தில் பூசிக்கொண்டார்கள். இக்காலத்தில் சில ஊர்கள் ஓடைகளில் ஒருவகை பாக்டீரியாவைத் தெளித்துப் புழுக்களை அழிக்கின்றன. ஊர்க்காரர் எவரைக் கேட்டாலும் ஆகஸ்டில் வாருங்கள் என்பார். அதைக் கேளாமல் ஜூனில் வந்தவர் எழுதும் புகாரும், கேட்டு ஆகஸ்டில் வந்தவர் எழுதும் பாராட்டும் ஒரே முகாமைப் பற்றியனவே.

கரடிகளும் உள்ளன; மனிதரை அவை பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை, சோற்று மூட்டையை மட்டுமே பொருட்படுத்துகின்றன. உயர்ந்த சிகரங்கள் இருக்கும் கிழக்குப் பகுதியில் இரவு தங்குகிறவர்கள், கரடியால் திறக்க முடியாத கெட்டியான டப்பாவில்தான் உணவை வைக்க வேண்டும் என்று 2005-இல் கட்டளை பிறந்தது. இரு காதுகளிலும் மஞ்சள் அடையாள வில்லை மாட்டப்பட்டிருந்த ஒரு சிறிய பெண் கரடி, அவ்வகை டப்பாக்களில் ஒன்றின் மூடியைப் பல்லால் அழுத்தித் திறக்கக் கற்றுக்கொண்டுவிட்டது. தயாரிப்பாளர் மூடிக்கு இரண்டாவது தாழ் வைத்தார். அதையும் அது கற்றுக்கொண்டது. கூச்ச சுபாவமுள்ள அந்தக் கரடி ஒருவரையும் தாக்கியதில்லை. காலை உணவை இழந்தவர்கள்கூட அதைப் பற்றி ஒருவிதப் பெருமையுடன்தான் பேசினார்கள். 2012-இல் வேட்டைப் பருவத்தில் ஒரு வேட்டைக்காரரின் குண்டுக்கு அது இரையாயிற்று.

சாய்ப்புக் குடில்கள் பலவற்றில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருப்பார்கள். தங்கியவர் தம் மனத்தில் தோன்றியதை அதில் எழுதலாம். சூரியோதயத்தைப் புகழ்ந்து ஒருவர் எழுதியிருப்பதன் கீழே, சுண்டெலியைத் திட்டி மற்றொருவர் எழுதியிருப்பார். அந்த நோட்டுப் புத்தகத்தையும் அதனுடன் பென்சிலையும் கொண்டுவந்து வைப்பவர்கள், குடிலைத் தத்தெடுத்துக்கொண்ட தொண்டர்கள். மலையேற்றச் சங்கங்களின் ஏற்பாட்டில், ஊதியம் எதுவும் பெறாமல், வருஷத்துக்குச் சில முறை மலையேறி வந்து, அடுப்பிலுள்ள சாம்பலை அள்ளி, கூரையில் ஒழுகும் இடத்தைக் குறித்துக்கொண்டு, முந்தியவர்கள் விட்டுச் சென்ற தகர டப்பாக்களையும் கிழிந்த தார்ப்பாயையும் முதுகில் கட்டிச் சுமந்துகொண்டு இறங்குகிறார்கள்.